நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற மாதம் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கும் மருமகன் தன் அறையிலிருந்து எழுந்து வந்தான். பனியனின் முதுகுப் பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. "என்னடா இது, கரியா?" என்று தட்டிவிட்டேன். "சேர்ல இருந்து உதிருது மாமா" என்றான்.

உள்ளே போய்ப் பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாக ஒரு கேமிங் சேர். இரண்டு வருடம் முன்பு, 9,500 ரூபாய்க்குத் தவணையில் வாங்கியது. சாயும் இடத்தில் ரெக்சின் கொப்புளித்து உரிந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும் என்பதால் ஹைட்ராலிக் தண்டைச் சுற்றி ஒரு பிவிசி பைப்பைப் பிளந்து மாட்டியிருந்தான். கம்பெனிக்கு மெயில் அனுப்பியதற்கு, ரெக்சினுக்கு வாரன்டி கிடையாது என்று பதில் வந்ததாம். அக்காவுக்கு அந்தப் பணம் சும்மா வந்ததில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த நாற்காலியை நாமே தேடி வாங்குவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வடிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ரேஸ் காரின் இருக்கை. வளைவில் கார் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநரின் உடம்பு பக்கவாட்டில் தள்ளப்படும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் இருபுறமும் அந்தத் திண்டுகள். கார் இருக்கை செய்துகொண்டிருந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-ல் அந்த இருக்கையைச் சக்கரக் காலில் ஏற்றியது. பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அதே அச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை எந்த விசையும் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. அங்கே அந்தத் திண்டு, அகன்ற தோள் உள்ளவரை முன்னால் கூன வைக்கிறது. தொடைப் பக்கத்துத் திண்டுக்குள் இரும்புச் சட்டம் ஓடுகிறது. நம் வழக்கப்படி காலை மடக்கிச் சம்மணம் போட்டால் கணுக்காலில் இடிக்கும். நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்தத் தோற்றத்துக்கே போய்விடுகிறது.

காசு போக வேண்டிய இடம் உட்காரும் பலகைக்குக் கீழே இருக்கிறது. கடையில் நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். நம் ஊரில் ஹைட்ராலிக் என்று சொல்லும் அந்தத் தண்டில் நம்மைத் தாங்குவது எண்ணெய் இல்லை, அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. அதன் சீல் தேய்ந்து வாயு கசிந்தால்தான் நாற்காலி இறங்கும். தண்டின் மேல் 'கிளாஸ் 3', 'கிளாஸ் 4' என்று அச்சிட்டிருப்பார்கள். நான்காம் தரத்தில் குழாயின் இரும்புத் தடிப்பு கூடுதல். எடை அதிகமுள்ளவர்களும் நாள் முழுக்க உட்காருகிறவர்களும் அதற்குக் குறைந்து வாங்கக் கூடாது. அடுத்து, பலகைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இரும்புப் பெட்டி. மலிவு நாற்காலியில் இது மொத்த இருக்கையையும் முன்னும் பின்னும் ஆட்டும், அவ்வளவுதான். கொஞ்சம் நல்லதில் 'சிங்க்ரோ டில்ட்' இருக்கும். முதுகு சாய்கிற அளவில் ஏறக்குறைய பாதிதான் பலகை சாயும் என்பதால் பாதம் தரையை விட்டு எழும்பாது. என்னைக் கேட்டால், முழங்கை வைக்கும் கட்டை நாலு திசையில் திரும்புவதைவிட இதற்கே முதலில் பணம் கொடுப்பேன்.

சாய்வு ஆடம்பரம் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை வெவ்வேறு விதமாக உட்கார வைத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. நேராக 90 டிகிரியில் உட்காருவதைவிட, 135 டிகிரி சாய்ந்திருக்கும்போது முதுகுத் தட்டுகளில் அழுத்தம் குறைவாக இருந்தது. நாள் முழுக்க அப்படிச் சாய்ந்து தட்டச்சு செய்ய முடியாதுதான். ஆனால் ஆட்டத்துக்கு நடுவே பத்து நிமிடம் சாய முடிகிற நாற்காலி முதுகுக்கு நல்லது.

இனி ரெக்சின். பெட்டியில் 'பியு லெதர்' என்று போட்டிருந்தாலும் அது துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன்தான். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சை உள்ளுக்குள்ளேயே சிதைக்கிறது. வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரை ஊர்களில், ஏசி இல்லாத அறையில், அது உரிவதற்கு நாற்காலியில் முரட்டுத்தனமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. மருமகன் ஒரு தவறும் செய்யவில்லை. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் துணி அல்லது நெட்தான் சரி. ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994-ல் கொண்டுவந்த ஏரான் நாற்காலி தோலும் ஸ்பாஞ்சும் இல்லாமல் வலையை மட்டுமே இழுத்துக் கட்டியது. அதே நிறுவனம் 2020-ல் லாஜிடெக்கோடு சேர்ந்து ஏறக்குறைய 1,500 டாலருக்கு ஒரு கேமிங் சேர் வெளியிட்டபோது, தன் எம்பாடி என்ற அலுவலக நாற்காலியையே எடுத்துக்கொண்டது. ரேஸ் காரின் திண்டு அதில் இல்லை.

ஸ்பாஞ்ச் வைத்ததுதான் வேண்டுமென்றால், மெத்தைக் கடையில் கேட்கிற மாதிரியே டென்சிட்டி கேளுங்கள். அச்சில் வார்த்த ஃபோம், வெட்டி ஒட்டிய ஸ்பாஞ்சைவிட வெகு காலம் குழியாமல் இருக்கும். முட்டியை வைத்து அழுத்துங்கள். அடிப்பலகை தட்டுப்பட்டால் அதை விட்டுவிடுங்கள்.

அளவு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பல கேமிங் சேர்கள் உயரமானவர்களை மனதில் வைத்துச் செய்தவை. ஐந்தடி இரண்டங்குலம் உள்ள ஒருவர் மிகக் கீழே இறக்கி உட்கார்ந்தாலும் குதிகால் தரையில் படியாது. தொடையின் அடிப்பக்கம் அழுந்திக் கால் மரத்துப் போகும். பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தபின், பலகையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விளம்பரத்தில் உள்ள அங்குலக் கணக்கை வீட்டில் டேப் வைத்து அளந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

'பிஃப்மா சான்று' என்ற வரியையும் கவனியுங்கள். பிஃப்மா என்பது அமெரிக்க அறைகலன் உற்பத்தியாளர்களின் சங்கம், அதன் எக்ஸ்5.1 தரம் ஏறக்குறைய 125 கிலோ எடை வரை உள்ளவர்களுக்கான அலுவலக நாற்காலிகளைச் சோதிப்பது. சில விளம்பரங்களில் சோதிக்கப்பட்டது ஹைட்ராலிக் மட்டும்தான், நாற்காலி இல்லை. முழு நாற்காலிக்கா, உதிரிக்கா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை நாற்காலிக்கென நம் நாட்டிலும் ஐஎஸ் 17631 என்ற தரம் இருக்கிறது. அதையும் கேட்கலாம்.

விலைக்கு நான் போடும் கணக்கு எளிது. விலையை உழைக்கிற வருடத்தால் வகுங்கள். அக்கா வாங்கிய நாற்காலி வருடத்துக்கு 4,750 ரூபாய் தின்றது. ஐந்து வருட வாரன்டியோடு 18,000 ரூபாய்க்கு வாங்கினால் வருடம் 3,600 ரூபாய்தான். வாரன்டி அட்டையில் எது எதற்கு எத்தனை வருடம் என்று படியுங்கள். சட்டத்துக்கு ஐந்து வருடம் என்று பெரிதாகப் போட்டு, ஹைட்ராலிக்குக்கு ஒரே வருடம் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

அவ்வளவு பணம் கையில் இல்லாதவர்கள், எட்டாயிரத்துக்குள் கேமிங் சேரைத் தேட வேண்டாம். அந்த விலையில் தோற்றத்தைச் செய்த பிறகு உள்ளே போட மிச்சம் இருக்காது. அதே காசுக்கு, அலுவலகங்கள் காலி செய்யும்போது பழைய சாமான் கடைக்கு வரும் நல்ல நெட் சேர் கிடைக்கும். கைப்பிடி ஆட்டம், நெட்டின் தொய்வு, அடிப்பேஸில் விரிசல் மூன்றையும் பாருங்கள். ஹைட்ராலிக், வீல் இரண்டையும் சேர் ரிப்பேர்காரர் அரை மணியில் மாற்றிவிடுவார். பேஸில் விரிசல் விட்ட சேரை மட்டும் வாங்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும்போதே உடையும்.

மருமகன் கடைசியில் எடுத்தது, இடுப்புத் தாங்கியை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சாம்பல் நிற நெட் சேர். கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துத்தான் எடுத்தான். நீங்களும் அந்தக் கால் மணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போடாதீர்கள். பில்லை வாரன்டி முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.