கமெரா வாங்கப் போகும் சகோதரிக்கு...

பெண்கள் பகுதியில் படமெடுக்கப் பெண்ணே வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் கொழும்பில் பல உண்டு. வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான வீடுகளிலும் நடக்கும் மருதோன்றி இரவுகளுக்கு நீங்களோ உங்கள் மகளோ கமெராவோடு போகிறீர்களா? அப்படியானால் இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். அறையில் வெளிச்சம் போதாது. படம் கலங்கி விழுகிறது. ஃபிளாஷைப் போட்டாலோ மணப்பெண்ணின் முகம் வெளிறி, பின்னால் நிற்கும் உம்மாவும் மாமியும் இருளில் மறைந்து விடுகிறார்கள்.

"இதை விற்றுவிட்டுப் புதுக் கமெரா வாங்குவோம்" என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள் சகோதரியே! 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின், வெளிநாட்டுப் பொருளை யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. குறை கமெராவின் உடலில் அல்ல, அதன் கண்ணாகிய லென்ஸில் இருக்கலாம்.

பஸ்ராவில் பிறந்து, சுமார் 1040இல் மறைந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம், சிறு துளை வழியே கிரகணச் சூரியனின் உருவம் விழுவதை ஆராய்ந்தார். துளையின் அளவு மாறினால் உருவமும் மாறுவதை விளக்கினார். லென்ஸுக்குள்ளும் ஒரு துளை உண்டு. அது பெரிதானால் வெளிச்சம் கூடும். அதன் எண்ணோ குறையும்.

கமெராவுடன் சேர்ந்து வரும் 18-55 லென்ஸில், 55இல் வைத்தால் அந்த எண் பெரும்பாலும் எஃப் 5.6. எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். செக்கனில் பத்திலொரு பங்கு நேரம் திறந்திருந்து கலங்கிய படத்தை, தொண்ணூறிலொரு பங்கு நேரத்திலேயே எடுத்துவிடலாம். சிறிய அறைக்கு 35 மி.மீ. வசதி.

உடல் சில ஆண்டுகளில் பழசாகும். நல்ல லென்ஸ் அடுத்த கமெராவுக்கும் உதவும். கெனன் 1987இல் தொடங்கிய ஈ.எஃப். வகை லென்ஸ்களை, 2018இல் வந்த அதன் ஈ.ஓ.எஸ். ஆர் கமெராவிலும் இணைப்பு வளையத்தோடு பாவிக்கலாம்.

ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு உயர்த்தியதுமே படம் புள்ளி புள்ளியாகிறதா? அப்போது உடலையும் மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் லென்ஸே முதலில்.

சில எச்சரிக்கைகள்:

எஃப் 1.8இல் ஒருவர் முகம் தெளிந்தால் பின்னால் நிற்பவர் மங்குவார். கூட்டமாக எடுக்கும்போது எஃப் 4 அளவுக்குக் குறைத்து, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்கினால் டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். நமது ஊரின் ஈரக் காற்றில் அது எளிதில் பிடிக்கும். உங்கள் கமெராவில் மாட்டி, தானாக ஃபோகஸ் ஆகிறதா என்றும் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீட்டாரிடம் கொடுத்த பின், அவர்கள் சம்மதமின்றி ஒரு பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டாம். சீட்டுக் காசில் வாங்கும் அந்தச் சிறு லென்ஸோடு இந்த நம்பிக்கையும் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், ஹலாலான வருமானத்துக்கு ஒரு வழி பிறக்கும்.