கன்றுக்குப் போட்ட யூரியா கிணற்றுக்குப் போகிறது: மெதுவாக வெளியேறும் பசளை உதவுமா?

"மாசம் ஒருக்கா ஒரு பிடி யூரியா போடுங்கோ, செழிச்சு வரும்." யாழ்ப்பாணத்தில் பூங்கன்று வாங்கப் போகும் எவருக்கும் கன்றோடு சேர்த்து இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. கன்று விற்பவர்களும் தங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் இதையே செய்கிறார்கள். விற்பனைக்கான கன்றுகள் பொலித்தீன் பைகளில் நிற்கும். ஆனால் வெட்டுத்துண்டும் பதியமும் எடுப்பதற்கான செவ்வரத்தை, நந்தியாவட்டை, எக்சோறா, குரோட்டன், ரோசா போன்ற தாய்ச்செடிகள் நிலத்தில் வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசைகளுக்கு நடுவே யூரியா விசிறப்படும். பிறகு கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கப்படும்.

இங்கே பிரச்சினை யூரியா அல்ல. அது செடிக்குத் தேவைப்படும் நேரத்துக்கும் நாம் அதைக் கொடுக்கும் நேரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் பிரச்சினை. அந்த இடைவெளியில் தப்பிப்போகும் நைதரசன், அதே வளவிலுள்ள கிணற்றைத் தேடிப் போகிறது.

ஒரு கிலோ யூரியாவின் பயணம்

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. ஈரமான மண்ணில் விழுந்த சில நாட்களிலேயே அது அமோனியமாக மாறுகிறது. மண்ணின் மேற்பரப்பிலேயே கிடந்தால் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். காரத்தன்மையுள்ள மண்ணில் இந்த இழப்பு இன்னும் கூடும். மிச்சமிருக்கும் அமோனியத்தை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. எமது வெப்பத்தில் இதற்கு அதிக காலம் எடுக்காது.

அமோனியம் களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்று அப்படி ஒட்டாது. களித்துணிக்கை, நைத்திரேற்று இரண்டுமே மறை ஏற்றம் கொண்டவை என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும். வேருக்குக் கீழே இறங்கிவிட்டால் செடிக்கு அது கிடைக்காது.

யாழ். குடாநாட்டில் அது இறங்கிச் செல்லும் இடம் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர்ப்படுகை. வற்றாத ஆறுகள் இல்லாத குடாநாட்டில் குடிப்பதற்கும் விவசாயத்துக்கும் பெரும்பாலும் இந்த நீரைத்தான் நம்பியிருக்கிறோம். வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த பாறை என்பதால் மேலிருந்து இறங்கும் நீர் அதிகம் வடிகட்டப்படாமலே கிணற்றைச் சென்றடைகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. அதற்குச் சற்று முன்னர் போட்ட யூரியாவின் கதி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன் இருக்கிறது. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ இரண்டு கிலோ. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அப்படியானால் ஒரு கிலோ யூரியா முழுவதும் கீழிறங்கினால், சுத்தமான 40,000 லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். கால் பங்கு மட்டும் இறங்கினாலும் 10,000 லீற்றர்.

நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ கிடையாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாவதால் மிச்ச நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். கிணற்று நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து குழந்தையின் தோல் நீலம் பாரிக்கும் நிலை இதனால் ஏற்படலாம்.

கிணறுகளில் நைத்திரேற்று சேர்வதற்குப் பூங்கன்றுத் தோட்டங்கள் மட்டும் காரணமல்ல. வெங்காயம், மிளகாய், புகையிலைச் செய்கைகளுக்கும் மலசலகூடக் குழிகளுக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் வீட்டு வளவோடு சேர்ந்த கன்றுத் தோட்டத்தில் பசளை போடும் இடத்துக்கும் குடிக்கும் கிணற்றுக்கும் இடையே சில யார் தூரமே இருக்கும்.

உறைக்குள் இருக்கும் பசளை

'கட்டுப்படுத்தி வெளியேற்றும் பசளை' என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1960களிலேயே அமெரிக்காவில் யூரியாவுக்குக் கந்தகப் பூச்சுப் பூசும் முறை உருவானது. அதே காலத்தில் பல்பகுதியம், அதாவது மெல்லிய பிளாஸ்ரிக் போன்ற உறை போர்த்திய குருணிகளும் சந்தைக்கு வந்தன. கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் சிறிய பைக்கற்றுகளில் வருவது இந்த இரண்டாவது வகைதான்.

இது வேலை செய்யும் முறை எளிமையானது. மண்ணின் ஈரம் உறையினூடாக மெல்ல உள்ளே புகுந்து பசளையைக் கரைக்கும். கரைந்தது அதே உறையினூடாகச் சிறிது சிறிதாக வெளியே கசியும். கசிவின் வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பநிலை. மழை எவ்வளவு பெய்கிறது என்பது அல்ல. ஒரே இரவில் பெருமழை கொட்டினாலும் உறைக்குள் இருக்கும் நைதரசன் அப்படியே கழுவுப்பட்டுப் போகாது. செடி மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது, பசளையும் மெல்ல மெல்ல வருகிறது. வீணாவது குறைவதால்தான் போடும் நைதரசனின் மொத்த அளவையும் குறைக்க முடிகிறது.

இதே நோக்கில் இலங்கையிலும் ஆய்வு நடந்திருக்கிறது. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தோடு (ஸ்லின்டெக்) தொடர்புடைய ஆய்வாளர்கள், எலும்பிலுள்ள கனிமமான ஹைட்ரொக்சியபற்றைற்றின் நுண்துகள்களோடு யூரியாவைப் பிணைத்து, அது மெதுவாக வெளியேறும்படி செய்தனர். வழமையான யூரியாவில் பாதியளவிலேயே நல்ல நெல் விளைச்சல் கிடைத்ததாக அவர்கள் 2017இல் ஆய்விதழில் வெளியிட்டனர். 2021இல் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த நனோ நைதரசன் திரவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது இலையில் தெளிப்பது.

எங்கே போடுவது என்பதும் முக்கியம்

பசளையை மாற்றுவது பாதி வேலைதான். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்ட செடி ஒன்றுக்கு மூன்று சதுர அடி நிலம் உண்டு. இளஞ்செடியின் வேர் எட்டு அங்குல வட்டத்துக்குள் நின்றால், அது அந்த நிலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. நிலம் முழுவதும் விசிறும்போது பெரும்பகுதி வேரே இல்லாத மண்ணுக்குத்தான் போகிறது. அதனால் உறைப் பசளையை நடும் குழியிலோ, வேர் எல்லையை ஒட்டி இரண்டு மூன்று அங்குல ஆழத்திலோ இட்டு மண்ணால் மூட வேண்டும்.

இரண்டாவது விடயம், எடையைப் பார்க்காமல் நைதரசனைக் கணக்கிடுவது. மாதம் 5 கிராம் யூரியா வீதம் ஆறு மாதம் போட்டால் ஒரு செடிக்குப் போவது 13.8 கிராம் நைதரசன். இதில் பாதியை 18 சதவீத நைதரசன் உள்ள உறைப் பசளையாகக் கொடுப்பதென்றால் சுமார் 38 கிராம் தேவை. பைக்கற்றில் உள்ள மூன்று எண்களில் முதலாவது நைதரசனின் சதவீதம்.

மூன்றாவது, கிணற்று நீரே ஒரு பசளை. நைத்திரேற்று 50 மில்லிகிராம் உள்ள கிணற்றிலிருந்து ஆயிரம் லீற்றர் இறைத்தால், ஏறத்தாழ 25 கிராம் யூரியாவுக்குச் சமமான நைதரசன் செடிகளுக்குப் போகிறது. இதைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைப் போட வேண்டும்.

குறைகளும் உண்டு

பைக்கற்றில் 'எட்டு முதல் ஒன்பது மாதம்' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையை வைத்துச் சொல்லப்பட்டது. எமது மண் அதைவிடச் சூடானது. இங்கே ஐந்தாறு மாதங்களிலேயே அது தீர்ந்துவிடலாம். வெயில் படும்படி மேற்பரப்பில் விட்டால் இன்னும் வேகமாகக் கசியும்.

விலையும் ஒரு தடை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் யூரியாவைவிடப் பல மடங்கு அதிகம். நெல்லுக்கோ வெங்காயத்துக்கோ இது கட்டுப்படியாகாது. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் தனி விலை கிடைக்கும் கன்றுத் தோட்டத்தில் சில பத்துக் கிராம்கள் போதும். மாதாமாதம் பசளை போடும் கூலியும் மிச்சம்.

உறையும் ஒரு கவலைதான். உள்ளிருப்பது தீர்ந்த பின்னும் வெற்று உறை நுண்பிளாஸ்ரிக்காக மண்ணில் தங்கிவிடும். உக்கக்கூடிய உறைகளுக்கு மாறும்படி ஐரோப்பிய ஒன்றியம் உற்பத்தியாளர்களை நெருக்குவது இதனால்தான்.

மாட்டெரு போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைப்பதும் தவறு. எருவிலுள்ள நைதரசனும் உக்கி நைத்திரேற்றாகத்தான் மாறும். மழைக்கு முன் குவித்துப் போட்டால் அதுவும் கிணற்றுக்கே போகும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. இடையில் விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பசளையைக் குறைப்பது என்றாலே இன்று பயம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் செடிக்குப் பட்டினி போடாமலும் குறைக்கலாம்.

இருபது தாய்ச்செடிகள் இருந்தால் இதைச் சோதித்துப் பார்க்க முடியும். பத்துக்கு வழமைபோல யூரியா. மற்றப் பத்துக்குப் பாதி நைதரசனை உறைப் பசளையாக வேரடியில் இடுங்கள். ஐந்து மாதம் கழித்து இரண்டு பக்கமும் எத்தனை வெட்டுத்துண்டுகள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு போத்தல் கிணற்று நீரை எடுத்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செடிக்கு எவ்வளவு பசளை போடுகிறோம் என்பது எமக்குத் தெரியும். அதில் எவ்வளவு திரும்ப எமது குவளைக்கு வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.