கோர்ட்டுப் படி ஏறப் பயமா?

"ஐயையோ, கோர்ட்டா? குடும்பப் பொம்பளைக்கு அதெல்லாம் எதுக்குடி?" கஷ்டத்தில் தவிக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் புத்திமதி இதுதான். கணவன் கைவிட்டு, கைக்குழந்தையோடு பிறந்தகம் வந்தவள்கூட, 'மானம் போயிடுமே' என்று வாயைப் பொத்திக் கொள்கிறாள். பால் பாக்கியும் பள்ளிக்கூட ஃபீஸும் காத்திருக்குமா, சொல்லுங்கள்!

இந்தப் பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது. தாலுகா ஊர்களில் இருக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குள் ஒரு நடை போய்ப் பார்ப்போமா?

உள்ளே யார் யார்?

காலை பத்தரை மணிவாக்கில் மாஜிஸ்திரேட் வந்து மேடையில் அமர்வார். கீழே கட்டுக் கட்டாய்க் காகிதங்களோடு இருப்பவர் பெஞ்ச் கிளார்க். வழக்குகள் வரிசையாக வர, பெயரை உரக்கக் கூப்பிடுபவர் டவாலி. கூப்பிடும் நேரத்தில் நீங்கள் காபி குடிக்கப் போயிருந்தால் சங்கடம்தான். மனுதாரர் வரவில்லை என்று மனுவே தள்ளுபடியாகலாம். அன்றைக்கு விசாரணை முடியாவிட்டால் வேறு தேதி தருவார்கள். அதுதான் 'வாய்தா'. வீடு திரும்பியதும் காலண்டரில் குறித்து விடுங்கள்.

சாட்சி சொல்ல இங்கிலீஷ் வேண்டாம், நம் தமிழே போதும். நீங்கள் சொன்னதை எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். ஏதாவது மாறியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே தயங்காமல் சொல்லுங்கள்.

ஜீவனாம்சம் கேட்க

வசதியிருந்தும் காப்பாற்றாத கணவனிடம், தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்ள முடியாத மனைவி தனக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். எந்த மதத்தினரும் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்றார்களே, அதுவே 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாகியிருக்கிறது. குடும்பநல கோர்ட் உள்ள ஊர்களில் மனு அங்கே போகும். ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது. அந்த வரம்பை 2001-ல் எடுத்து விட்டார்கள்.

வழக்கு இழுத்துக் கொண்டே போனால் அதுவரை சாப்பாட்டுக்கு? அதனால்தான் மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேட்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, கூடியவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். சில சமயம் தாமதமாகத்தான் செய்கிறது. ஆனாலும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுத் தர வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. உத்தரவு நகலுக்குக் காசு கிடையாது.

உத்தரவுக்குப் பிறகும் பணம் தராமல் டிமிக்கி கொடுத்தால்? பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் அதே கோர்ட்டில் மனுப் போடுங்கள். வாரண்ட் வரும். தகுந்த காரணமில்லாமல் அப்புறமும் தராவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை!

அடி, உதை, வீட்டை விட்டுத் துரத்தல் என்றால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்த மனுவையும் மாஜிஸ்திரேட்டிடமே தரலாம். தற்போது தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

வக்கீலுக்குப் பணம்?

"ஃபீஸுக்கு எங்கே போவேன்?" என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் வக்கீல் வைத்துத் தருவார்கள். போனில் கேட்க 15100. இரு தரப்பும் சமாதானமாய்ப் போக விரும்பினால் லோக் அதாலத் இருக்கிறது. அங்கே ஏற்பட்ட முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே நன்றாய் யோசித்து, புரிந்து கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கையோடு கொண்டு போக

கல்யாணப் போட்டோ அல்லது பதிவுச் சான்று, ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்று, ஃபீஸ் ரசீது, மருந்துச் சீட்டு, கணவர் வேலை பற்றிய விவரம், மாதச் செலவுக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நகலைக் கொடுங்கள், அசல் பத்திரம்!

நாளைக்கு நாத்தனாரோ, தங்கையோ, எதிர்வீட்டுப் பெண்ணோ கண்ணைக் கசக்கிக் கொண்டு வந்தால், "பொறுத்துப் போடி" என்பதற்கு முன் அந்த 15100-ஐச் சொல்லுங்கள். முதல் தடவை கோர்ட்டுக்குப் போகும்போது துணைக்கும் போய் வாருங்கள்.