இரண்டு கேட்வே, ஒரே கடை

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் மகளிர் குழு ஒன்று சாமை அரிசி, மலைத்தேன், கடுக்காய்ப் பொடி மூன்றையும் இணையத்தில் விற்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவர் கார்டு எண்ணைத் தட்டும் நேரம் பார்த்து பேமெண்ட் கேட்வே படுத்துவிட்டால் ஆர்டர் போச்சு. ஆகவே இரண்டு கேட்வே வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஒன்றில் செய்த பதிவு மற்றதற்குச் செல்லாது. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே எதுவானாலும் கேட்வேக்குப் பின்னால் இருக்கும் வங்கி வழியாகத்தான் கடைக்காரரைச் சேர்க்கும். வங்கி இரண்டு என்றால் பதிவும் இரண்டு. இரண்டையும் பிசகில்லாமல் முடிக்கக் கவனிக்க வேண்டியவை இவை.

1. கேட்வே நிறுவனம் வாடிக்கையாளரின் பணத்தைத் தானே வாங்கிக் கடைக்குச் சேர்ப்பதானால், அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் பட்டியலில் பாருங்கள். வங்கியல்லாத அத்தகைய நிறுவனங்களுக்கு 2020 மார்ச்சில் வந்த விதிகளிலிருந்து இது கட்டாயம்.

2. பான் அட்டை, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் எல்லாவற்றிலும் குழுவின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு இடத்திலும் அதே நகல்களையே கொடுங்கள்.

3. வியாபார வகையைக் குறிக்க 4 இலக்க எண் ஒன்று தருவார்கள். சாமையும் தேனும் உணவுக் கடை வகை, 5499 பொருந்தும். சிக்கல் கடுக்காய்ப் பொடியில்தான். லேபிளில் ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று ஒரு வரி போட்டால் அது மருந்தாகிவிடும். இணையத்தில் மருந்து விற்பதை விசாவும் மாஸ்டர்கார்டும் ஆபத்து அதிகமுள்ள வகையில் வைத்திருக்கின்றன. அதற்கு ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே சிறப்புப் பதிவு செய்ய வேண்டும். ஓரிடத்தில் உணவு, மற்றோரிடத்தில் மருந்து என்று சொல்லவே கூடாது.

4. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு அறிக்கையில் எந்தப் பெயர் விழும் என்று கேளுங்கள். தேன் வாங்கியவர் மாதக் கடைசியில் முன்பின் தெரியாத பெயரைப் பார்த்தால் ‘நான் வாங்கவில்லை’ என்று வங்கியில் புகார் செய்வார். அந்தப் புகாரின் பேரில் கடையிடமிருந்து பணத்தைத் திரும்பப் பிடிப்பதுதான் சார்ஜ்பேக். இரண்டு கேட்வேயிலும் கடைப்பெயரே விழட்டும்.

5. வலைத்தளத்தில் தொடர்பு முகவரி, பணம் திருப்பும் விதி, பார்சல் சேரும் நாள் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். பெட்டி மலையிறங்கிப் போளூர் போய்ச் சேரும் நாளையும் கணக்கில் சேர்த்தே எழுதுங்கள்.

6. 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. அதற்குப் பதில் டோக்கன் என்னும் மாற்று எண்தான். ஒரு கேட்வே எடுத்த டோக்கன் அடுத்ததில் தானாக ஓடாது. மாற்று வழி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

7. ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கேட்வே என்று குறித்து வையுங்கள். பணம் எந்த வழியில் வந்ததோ, அந்த வழியிலேயே திரும்ப வேண்டும்.

விதியை மீறியதற்காக ஒரு வங்கி கணக்கை மூடினால், மாஸ்டர்கார்டின் ‘மேட்ச்’ பட்டியலில் பெயர் ஏறலாம். ஏறினால் ஐந்து ஆண்டு அங்கேயே கிடக்கும். அடுத்த வங்கியும் அதைத்தான் புரட்டிப் பார்க்கும். எனவே நாளை கடையில் மூலிகைத் தைலம் சேர்த்தால், விலைப்பட்டியலில் ஏற்றும் முன் இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள்.