மாமாவோட ஸ்டூடியோவும் கண்ணாடி இல்லாத கேமராவும்

உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. பழைய கல்யாணப் பத்திரிகை, அறுந்த சார்ஜர் ஒயர் இதுக்கெல்லாம் நடுவுல ஒரு சின்ன சில்வர் கலர் டிஜிட்டல் கேமரா கிடக்கும். எங்க வீட்டுலயும் கிடக்கு. நான் ஒண்ணாவது படிக்கும்போது அப்பா வாங்கினது. தஞ்சாவூர் பெரிய கோயில் நந்தி முன்னாடி நாங்க நாலு பேரும் நிக்கிற போட்டோதான் அதுல கடைசி.

அந்தக் கேமரா ஏன் பீரோவுக்குப் போச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல, மாமா கேட்கிற வரைக்கும். பாபநாசம் பக்கத்துல அவர் ஸ்டூடியோ வச்சிருக்கார். போன தை மாசம் அத்தையோட வளையலை அடகு வச்சு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினார். "மாப்ள, நீ இன்ஜினியரிங் படிக்கிறவன். இதுவும் அஞ்சு வருஷத்துல பழசாயிடுமாடா?"ன்னார். செமஸ்டருக்குக்கூட நான் இவ்வளவு படிச்சதில்ல.

முதல்ல கணக்கு. ஜப்பான்ல கேமரா கம்பெனிகளுக்கு சிபான்னு ஒரு சங்கம் இருக்கு. அவங்க கணக்குப்படி 2010ல உலகம் முழுக்க கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமரா 12 கோடிக்கு மேல. அதுல 10 கோடிக்கு மேல நம்ம பீரோ கேமரா மாதிரி சின்ன காம்பாக்ட். 2023ல மொத்தமே 80 லட்சத்துக்குக் கீழ. 2018ல காசியோ காம்பாக்ட் தயாரிப்பை நிறுத்திடுச்சு. ஒலிம்பஸ் தன்னோட கேமரா பிரிவையே 2021ல கைமாத்தி விட்டுடுச்சு.

போன் வந்ததுதான் காரணம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா போன் எப்படி ஜெயிச்சதுன்னு பாருங்க. போட்டோவோட தரத்துக்கு அடிப்படை சென்சார்ல விழுற வெளிச்சம். அந்தக் காலத்துக் காம்பாக்ட்ல இருந்த சென்சார் சுமார் 28 சதுர மி.மீ. இன்னைக்கு விலை உயர்ந்த போன்ல மெயின் கேமரா சென்சார் சுமார் 70 சதுர மி.மீ. வரைக்கும், சிலதுல அதுக்கு மேலயும் இருக்கு. போதாததுக்கு, நீங்க பட்டனை ஒரு தடவை அமுக்கினா போன் பல ஃபிரேம் எடுத்து ஒண்ணா சேர்த்துடும். சென்சார்லயும் தோத்து, பிராசஸர்லயும் தோத்துட்டு காம்பாக்ட் எங்க போகும்? பீரோவுக்குத்தான்.

ஆனா ஃபுல் ஃபிரேம் கேமரா கதை வேற. அதோட சென்சார் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. போனைவிட சுமார் 12 மடங்கு. இருட்டான கோயில் மண்டபத்துல தாலி கட்டுறப்ப இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதனாலதான் கல்யாணத்துக்கு இன்னும் மாமாவைக் கூப்பிடுறாங்க. நம்ம டெல்டாவுல சம்பா அறுத்து, டிபிசில நெல்லைப் போட்டு, காசு கைக்கு வந்ததும் கல்யாணம் வைக்கிற வீடுகள் நிறைய. தை பிறந்தா மாமாவுக்கு ஆர்டரும் பிறக்கும்.

அப்புறம் ஏன் வளையல் அடகுக்குப் போச்சு? கேட்கிற பொருள் மாறிப்போச்சு. "முன்னாடி ஆல்பம் எத்தனை பக்கம்னு கேட்பாங்க. இப்ப ரீல்ஸ் எப்ப வரும்னு கேட்குறாங்க"ன்னார் மாமா. ரீல்ஸ்னா வீடியோ. அவரோட பழைய டிஎஸ்எல்ஆர் உள்ள ஒரு கண்ணாடி இருக்கு. வேகமா ஃபோகஸ் பண்ற சென்சார் அந்தக் கண்ணாடி வழியா வர்ற வெளிச்சத்தை வச்சுதான் வேலை செய்யும். வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேல தூக்கிக்கும், அந்த சென்சாருக்குக் கண்ணு தெரியாது. மாப்பிள்ளை நடந்து வர்றார், ஃபோகஸ் பின்னாடி வாழைமரத்துல நிக்குது! மிரர்லெஸ்ல கண்ணாடியே கிடையாது. மெயின் சென்சாரே ஃபோகஸ் பண்ணும், முகத்தைத் தேடி ஒட்டிக்கும். சத்தமில்லாத ஷட்டரும் உண்டு, கெட்டிமேளத்துல அது யாருக்கு வேணும்னு மாமா சிரிக்கிறார்.

ஒரு உபரித் தகவல். கண்ணாடி போனதும் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல இடம் மிச்சமாச்சு. கேனான் பழைய மவுண்ட்ல அந்த தூரம் 44 மி.மீ. 2018ல வந்த புது மவுண்ட்ல 20 மி.மீ. நடுவுல உள்ள 24 மி.மீ. இடைவெளியில ஒரு அடாப்டர் வளையத்தை வச்சா பழைய லென்ஸ் புது கேமராவுல வேலை செய்யும். புது லென்ஸைப் பழைய கேமராவுல மாட்ட முடியாது. நீங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறீங்கன்னா இதை மறந்துடாதீங்க.

இதெல்லாம் படிக்கும்போது நம்ம ஊர்க் கதை ஒண்ணும் கிடைச்சது. 1858ல லின்னேயஸ் டிரைப்ங்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பெரிய கோயில் விமானத்தோட அடிப்பகுதியில இருக்கிற கல்வெட்டை முழுசாப் படம் பிடிச்சார். ஒரே படத்துல அடங்கல. 21 படமா எடுத்து ஒட்டினார், நீளம் சுமார் 19 அடி. இன்னைக்கு அதே இடத்துல நின்னு நீங்க போன்ல பனோரமா எடுக்குறீங்க. நீளமான படம் வேணும்ங்கிற ஆசை அப்படியே இருக்கு. மாறினது கருவி மட்டும்தான்.

கடைசியா மாமாகிட்ட நான் சொன்னது இதுதான். "பாடி கண்டிப்பா பழசாகும் மாமா. லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் ஆகாது. பழைய லென்ஸை வித்துடாதீங்க, அடாப்டர் போட்டு ஓட்டுங்க. அடுத்த கடன் புது மாடல் வந்துச்சுன்னு வாங்காதீங்க. கஸ்டமர் கேட்கிறதை இந்தக் கேமராவால தர முடியலைன்னாதான் வாங்கணும்."

கேமரா வாங்கிப் பார்ட் டைமா கல்யாணம் எடுக்கலாம்னு நினைக்கிற நண்பர்களே, உங்களுக்கும் இதேதான். முதல் ரெண்டு மூணு முகூர்த்தம் வாடகைக் கேமராவுல எடுங்க. ஆர்டர் தொடர்ந்து வந்தா அப்புறம் சொந்தமா வாங்கலாம்.

ஆவணி முகூர்த்தம் முடிஞ்சதும் வளையலை மீட்டுடலாம்னு மாமா கணக்கு போட்டு வச்சிருக்கார். நாலு கல்யாணம் புக் ஆயிருக்கு. அதுல ரெண்டுக்கு அசிஸ்டென்ட் நான்தான்.