படம் மங்கினால் பேனல் போச்சா?

கம்பம் பள்ளத்தாக்கில் கூடத்துச் சுவர் வெறுமையாக இருக்கும் வீடு அபூர்வம். குலசாமி படம், தாத்தா பாட்டி, கல்யாண போட்டோ என்று வரிசையாகத் தொங்கும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக்கின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் பல வீடுகளில் இடம் உண்டு. அந்தச் சுவருக்கு இப்போது புதிதாக ஒரு போட்டியாளர் வந்திருக்கிறார். நிகழ்ச்சி பார்க்காத நேரத்தில் ஓவியமோ குடும்பப் படமோ காட்டிக்கொண்டு, சட்டம் போட்ட படம் மாதிரியே சுவரோடு ஒட்டி நிற்கும் டிவி. சாம்சங் 2017ல் ‘தி ஃப்ரேம்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பிறகு டி.சி.எல்., ஹைசென்ஸ் கம்பெனிகளும் இறங்கின. அதே அளவுள்ள சாதாரண டிவியைவிட விலை கூடுதல். திரையில் ஒளிரும் படமாகத் தெரியாமல் தாளில் அச்சிட்ட படமாகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் காசு.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அறையின் வெளிச்சத்தைப் பார்த்துப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, டிவியின் விளிம்பில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். “காலையில நல்லாத்தான் இருந்துச்சு, சாயங்காலம் கறுத்துப் போச்சு” என்று கூப்பிட்டால் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “பேனல் வீக் ஆயிருச்சுக்கா, மாத்தித்தான் ஆகணும்” என்கிறார். பேனல் விலை புது டிவி விலையில் பாதியைத் தாண்டுவது சகஜம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. நிஜமாகவே சென்சார் கெட்டுப்போன டிவியைக் காட்டினால், “டிசைனே அப்படித்தான் சார்” என்று சர்வீஸ் ஆள் கைகழுவிவிடுகிறார். செட்டிங்கா, பழுதா என்பதை முதலில் நீங்களே தெரிந்துகொண்டால் இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் இருக்கும்.

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி மாதிரி ஊரில் இந்த ஏற்ற இறக்கம் ஏன் அதிகம் கண்ணில் படும் என்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலைப்பக்கமிருந்து மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் சுள்ளென்று வெயில், மறு நிமிடம் மூட்டம், கூடவே சாரல். குமுளி ரோட்டைப் பார்த்த சன்னல் திறந்திருந்தால் கூடத்து வெளிச்சம் அந்த மேகத்தோடு ஏறி இறங்கும். டிவியும் ஏறி இறங்கும். அது பழுது இல்லை, சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆடிக்காற்றில் வரும் புழுதி சென்சார் மேல் படிந்தால் கதை வேறு: அறை இருட்டு என்று நினைத்து டிவி நாள் முழுக்க மங்கியே கிடக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். கம்பெனிச் சட்டம் விலை அதிகம் என்று ஆசாரியிடம் சொல்லித் தேக்குச் சட்டம் அடித்து மாட்டுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். சட்டம் சென்சாரை மறைத்துவிட்டால் அந்த அழகைப் பார்க்கத்தான் வெளிச்சம் இருக்காது; வாரண்டி கேட்டுப் போகும்போது அதையே காரணம் காட்டவும் செய்வார்கள்.

வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் இந்த வசதியை ஏன் கடையிலிருந்து வரும்போதே ஆன் செய்து அனுப்புகிறார்கள்? கண்ணுக்கு இதம் என்பது ஒரு காரணம். மின்சாரக் கணக்கு இன்னொன்று. வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் டிவிக்கு ஐரோப்பிய மின்சிக்கன விதிகள் சலுகையே தருகின்றன. 2016ல் அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதனையில் குறைவாக மின்சாரம் இழுத்த சில டிவிகளில், வீட்டில் படத்தின் செட்டிங்கை மாற்றியதும் மின்சிக்கன வசதிகள் சத்தமில்லாமல் அணைந்துவிடுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. விதிப்படிதான் செய்கிறோம் என்பது கம்பெனிகளின் வாதம். யார் பக்கம் நியாயம் என்பதைவிட நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: தானியங்கி வெளிச்சத்தை அணைத்தால் கரண்ட் பில் ஏறும். 80 வாட்ஸ் இழுக்கும் டிவி தினமும் 10 மணி நேரம் ஓவியம் காட்டினால் இரண்டு மாதத்தில் 48 யூனிட். 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டில் அந்த 48 யூனிட் கட்டண அடுக்கையே மாற்றிவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். இருட்டியபின் சன்னலைச் சாத்தி, கூடத்தில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு, டிவியை ஓவியம் காட்டும் நிலையில் வையுங்கள். செல்போன் டார்ச்சைச் சென்சாருக்கு நேரே பிடித்தால் சில நொடிகளில் படம் பளிச்சிட வேண்டும். விரலால் மூடினால் மெதுவாக மங்க வேண்டும். இது நடந்தால் சென்சார் நலம். அடுத்து அந்த வசதியை அணைக்க வேண்டும். சாம்சங்கில் செட்டிங்ஸ், ஜெனரல், பவர் அண்ட் எனர்ஜி சேவிங் என்று போனால் ‘பிரைட்னஸ் ஆப்டிமைசேஷன்’ இருக்கும். பழைய மாடல்களில் ‘ஆம்பியன்ட் லைட் டிடெக்‌ஷன்’. அணைத்தபின் மறுபடி டார்ச் அடியுங்கள். இப்போது படம் அசையக்கூடாது. அசைந்தால் அது உங்கள் தப்பு இல்லை, சாஃப்ட்வேரிலோ சென்சாரிலோ கோளாறு.

முழுக்க அணைக்க மனமில்லாதவர்களுக்கு அதே இடத்தில் குறைந்தபட்ச வெளிச்ச அளவை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதை இரண்டு படி ஏற்றினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. ஓவிய நிலைக்கும் சினிமா பார்க்கும் நிலைக்கும் வெளிச்ச அளவு தனித்தனி என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சினிமா பார்க்கும்போது ஏற்றி வைத்தது பென்னிகுவிக் படத்துக்குப் போய்ச் சேராது. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அணைவது, அறை இருட்டினால் அணைவது என்ற வசதிகளும் ஓவிய நிலையின் செட்டிங்கில் இருக்கும். இரவில் டிவி ‘தானாகச் செத்துப்போகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் அவைதான் காரணம். மாற்றிய செட்டிங் கொஞ்ச நேரத்தில் பழையபடி திரும்புகிறதா? மாட்டிக் கொடுக்க வந்தவர் கடையில் காட்சிக்கு வைக்கும் ‘ரீட்டெயில் மோட்’ல் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், வீட்டு மோடுக்கு மாற்றுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் படம் துடித்தால் வீட்டு வயரிங்கையும் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். திரையின் ஒரு மூலை மட்டும் எப்போதும் இருண்டிருந்தால் அது பேக்லைட். சென்சாரைத் திட்டிப் பயனில்லை.

ஆதாரத்துக்காக வீடியோ எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்போன் கேமராவும் வெளிச்சத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். டிவி மங்க மங்க கேமரா ஏற்றிக்கொடுக்கும். கடைசியில் பார்த்தால் வீடியோவில் எந்த மாற்றமும் தெரியாது. போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். எரியும் விளக்கு ஒன்றும் சுவர்க்கடிகாரமும் சேர்ந்து தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது. விளக்கு மாறாமல் இருக்க டிவி மட்டும் மங்குவது யாருக்கும் புரியும்.

இனி உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில்லில் காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்து திரும்ப வேண்டியதில்லை. அந்த வரி பழுதான பொருளை விற்றவரைக் காப்பாற்றாது. பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் குற்றச்சாட்டுக்குரியது. பெரிய டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கிவிட்டது. அப்படியிருந்தும் “பில் வேண்டாம்னா கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தர்றேன்” என்கிற பேச்சுக்கு மயங்கினால், நாளைக்கு வாரண்டியும் இல்லை, வழக்கும் நிற்காது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படிச் சொல்கின்றன. சர்வீஸ் ஆள் வந்து போனால் வேலைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். “டிசைனே அப்படித்தான்” என்று வாயால் சொன்னதை அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், சொன்னதை நீங்களே அன்றே கம்பெனிக்கு மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

மேகமலை, சுருளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வரவேற்பறையில் மாட்ட வாங்கிய டிவி வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அது எடுபட்டால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் நுகர்வோரே இல்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு தொழிலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் என்று வாரண்டி அட்டையிலும் ஒரு வரி இருக்கக்கூடும். வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

கம்பெனி அசையவில்லை என்றால் முதலில் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண்; தமிழிலும் பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டிவியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம்.

மனுவோடு பில், வாரண்டி அட்டை, வேலைச் சீட்டு, மெயில் நகல், வீடியோ எல்லாம் போக வேண்டும். கம்பெனிக்குப் பதில் சொல்ல 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள். பழுதா இல்லையா என்பதில் தகராறு வந்தால் ஆணையம் டிவியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். சோதனை தேவைப்படாத வழக்கை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். போவது கம்பெனி என்றால், கட்டச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.