கிழிஞ்ச ஸ்டிக்கர் ஏன் வேலை செய்யுது, புது ஸ்டிக்கரை ஏன் சந்தேகப்படணும்?

2025 ஏப்ரல்ல ஒரு சின்ன செய்தி வந்தது. யுபிஐ-யை நடத்துற என்பிசிஐ நிறுவனம், பணம் அனுப்பும் செயலிகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பணம் அனுப்புறதுக்கு முன்னாடி திரையில் காட்டுற பெயர், வங்கிக் கணக்கில் பதிவான பெயராக மட்டுமே இருக்கணும். க்யூஆர் கோடுக்குள்ள எழுதியிருக்கிற பெயரை எடுத்துக் காட்டக்கூடாது. ஜூன் 30-க்குள் எல்லாரும் இதுக்கு மாறிடணும். அவ்வளவுதான் விஷயம்.

படிச்சிட்டு அடுத்த செய்திக்குப் போகக்கூடிய சமாச்சாரம்தான். ஆனா எனக்கு ஒரு கேள்வி மாட்டிக்கிச்சு. க்யூஆர் கோடுக்குள்ள இருக்கிற பெயரைக் காட்டாதேன்னு சொல்றாங்கன்னா, அந்தப் பெயரை நம்ப முடியாதுன்னுதானே அர்த்தம்? எண்ணெய் படிஞ்சு, வெயில்ல வெளுத்து, ஓரம் கிழிஞ்சு தொங்குற ஸ்டிக்கரைக்கூட போன் ஒரு நொடியில் பிழையில்லாமப் படிக்குது. அவ்வளவு கவனமா வடிவமைச்ச ஒரு பொருள், அடிப்படையான ஒரு விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டது?

கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, அது கோட்டை விடவே இல்லை. அந்த வேலை அதுக்குக் கொடுக்கப்படவே இல்லை. எப்படின்னு பார்ப்போம்.

கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?

கடையில் ஒட்டியிருக்கிற யுபிஐ ஸ்டிக்கரில் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்து. இணையதள முகவரி மாதிரியே இருக்கும். "இது யுபிஐ பணம் செலுத்தும் வரி" என்று தொடங்கும். அப்புறம் பணம் போக வேண்டிய யுபிஐ முகவரி. அடுத்து பெறுபவரின் பெயர். சில சமயம் தொகையும் இருக்கும். பணம் போய்ச் சேருவது அந்த முகவரிக்குத்தான். பெயர் சும்மா எழுத்து. கோடை உருவாக்கினவர் என்ன தட்டினாரோ அதுதான் அங்க இருக்கும்.

வீட்டு வாசல்ல மாட்டுற பெயர்ப்பலகையை நினைச்சுக்குங்க. "டாக்டர்" என்று பலகையில் எழுத பெயிண்ட் இருந்தா போதும், மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கணும்னு அவசியமில்லை. க்யூஆர் கோடுக்குள்ள இருக்கிற பெயரும் அந்த ரகம்தான். அதனாலதான் அந்த உத்தரவு: பலகையைப் படிக்காதே, வங்கியைக் கேள்.

ஜப்பான் தொழிற்சாலையில் பிறந்தது

க்யூஆர் கோடு பிறந்தது 1994-ல். டொயோட்டா குழுமத்துக்கு உதிரி பாகங்கள் செய்யுற டென்சோ நிறுவனத்தில் பொறியாளரா இருந்த மசாஹிரோ ஹாராவும் அவரோட குழுவும் உருவாக்கினது. அதுக்கு முன்னாடி பெட்டிகளில் பார்கோடுதான் ஒட்டியிருந்தது. ஒரு பார்கோடில் இருபது எழுத்து வாக்கில்தான் அடங்கும். அதனால ஒரே பெட்டியில் பல பார்கோடு ஒட்டி, ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி, தொழிலாளர்கள் அலுத்துப்போனாங்க. தொழிற்சாலைன்னா எண்ணெயும் அழுக்கும் இருக்கத்தானே செய்யும்? ஆக, நிறைய தகவல் அடங்கணும், எந்தக் கோணத்தில் காட்டினாலும் வேகமாப் படிக்கணும், அழுக்குப்பட்டாலும் பிழைக்கணும். இதுதான் தேவை. க்யூஆர் என்பதன் விரிவே 'குயிக் ரெஸ்பான்ஸ்', அதாவது உடனடிப் பதில்.

கறுப்பு, வெள்ளைக் காய்களை வெச்சு ஆடுற 'கோ' ஆட்டப் பலகையைப் பார்த்துத்தான் இந்தக் கட்ட அமைப்பு தோணுச்சுன்னு ஹாரா சொல்லியிருக்கார். மூணு மூலையிலும் பெரிய சதுரம் இருக்கே, அதுக்கு இன்னும் சுவாரசியமான கதை. அந்தச் சதுரத்தின் நடுவில் எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்ற பட்டைகளின் அகலம் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சிட்ட தாள்களை எல்லாம் அலசி, மிக அரிதா வர்ற விகிதம் எதுன்னு தேடித்தான் இதைத் தேர்ந்தெடுத்தாங்க. பக்கத்தில் எவ்வளவு எழுத்து, படம் இருந்தாலும் ஸ்கேனர் குழம்பாது. நாலாவது மூலையில் அந்தச் சதுரம் இல்லை பாருங்க, அதை வெச்சுத்தான் எது மேலே, எது கீழேன்னு போன் கண்டுபிடிக்குது. தலைகீழாப் பிடிச்சாலும் படிக்கிறது அதனாலதான்.

டென்சோ நிறுவனம் காப்புரிமை வெச்சிருந்தாலும், தரத்தின்படி பயன்படுத்துறவங்க யாருகிட்டயும் கட்டணம் கேக்கலை. நம்ம தெருமுனை இளநீர் வண்டி வரைக்கும் இது வந்து சேர்ந்ததுக்கு அது ஒரு பெரிய காரணம்.

கிழிஞ்சாலும் எப்படிப் படிக்குது?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் கணக்கு போதும்.

உங்களுக்கு ரெண்டு எண்ணை அனுப்பணும்: 3, 5. வழியில் ஏதாவது ஒண்ணு அழிஞ்சா போச்சு. அதனால ஒரு தந்திரம் பண்றேன். இந்த ரெண்டையும் ஒரு வரைபடத் தாளில் அடுத்தடுத்து ரெண்டு புள்ளியா வெச்சு, நேர்கோடு வரையுறேன். கோட்டை நீட்டினா அடுத்த ரெண்டு புள்ளிகள் 7, 9 என்று வரும். இப்ப நாலு எண்ணையும் அனுப்புறேன்: 3, 5, 7, 9.

எந்த ரெண்டு அழிஞ்சாலும் கவலையில்லை. மிச்சம் ரெண்டு புள்ளி இருந்தா நேர்கோட்டைத் திரும்ப வரைஞ்சிடலாம். ஒரு எண் அழியாம, தப்பா மாறிடுச்சுன்னா? 3, 5, 8, 9 என்று வந்து சேருதுன்னு வைங்க. மூணு புள்ளி ஒரே கோட்டில் நிக்குது, ஒண்ணு மட்டும் விலகி நிக்குது. எது தப்புன்னும் தெரியும், சரியானது என்னன்னும் தெரியும்.

இந்த யோசனைக்கு ரீட்-சாலமன் குறிமுறைன்னு பேர். இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற ரெண்டு பேர் 1960-ல் வெளியிட்ட அஞ்சு பக்கக் கட்டுரையில் வந்தது. நேர்கோட்டுக்குப் பதிலா வளைகோடுகள், சாதாரண எண்களுக்குப் பதிலா 256 உறுப்புகள் மட்டுமே இருக்கிற ஒரு மூடிய எண் உலகம். மத்தபடி சாரம் மேலே சொன்னதுதான். கீறல் விழுந்த சிடி பாடினதும் இதனாலதான். 1986-ல் வாயேஜர் 2 யுரேனஸ் பக்கத்திலேருந்து அனுப்பின படங்கள் பூமிக்கு ஒழுங்கா வந்து சேர்ந்ததிலயும் இதுக்குப் பங்கு உண்டு.

க்யூஆர் கோடில் எட்டு சின்னக் கட்டங்கள் சேர்ந்து ஒரு எண். எவ்வளவு சேதத்தைத் தாங்கணும் என்பதுக்கு நாலு நிலை இருக்கு: ஏறத்தாழ 7%, 15%, 25%, 30%. பாதுகாப்பு கூடக்கூட உபரி எண்களும் கூடும், கட்டங்களும் நெருங்கும். கோடின் நடுவில் நிறுவனச் சின்னம் பதிச்சிருக்காங்களே, அது உண்மையில் தெரிஞ்சே செய்யுற சேதம். அடியில் இருந்த கட்டங்களைச் சின்னம் மறைச்சிடுது. போன் கணக்குப் போட்டு நிரப்பிக்குது. ஆனா மூலைச் சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நடுவில் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தா பரவாயில்லை, மூலை கிழிஞ்சா ஸ்டிக்கரை மாத்திடுறது நல்லது.

சேதம் வேற, பொய் வேற

இப்ப அந்தக் கேள்விக்கு வரலாம். இந்தக் கணக்கு எதிர்த்து நிக்கிற எதிரி யாரு? அழுக்கு, கீறல், வெயில், மழை. இவங்களுக்குப் புத்தி கிடையாது. ஏதோ ஒரு இடத்தில் தற்செயலாக் கெடுப்பாங்க. அப்படிக் கெடுத்தது கோட்டைவிட்டு விலகித் தெரியும். ஆதார் எண்ணின் 12-வது இலக்கமும் இதே குடும்பம்தான். முதல் 11 இலக்கங்களைத் தட்டும்போது கை தவறினா காட்டிக்கொடுக்க வெச்சிருக்கிற இலக்கம் அது.

ஆனா ஒருத்தன் வேணும்னே வேற ஒரு ஸ்டிக்கரை அச்சடிச்சு மேல ஒட்டிட்டுப் போறான்னு வைங்க. அந்த ஸ்டிக்கரில் ஒரு புள்ளிகூட விலகி நிக்காது. எல்லாக் கணக்கும் கச்சிதமாப் பொருந்தும். பாக்கப்போனா பழைய ஸ்டிக்கரைவிட சீக்கிரமாவே ஸ்கேன் ஆகும். போனுக்கு அது அருமையான கோடு; பணம் போற முகவரி மட்டும் வேற.

இது கற்பனை இல்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோட ராத்திரியா சில கடைகளின் க்யூஆர் ஸ்டிக்கர்கள் மேல வேற ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போனாங்க. மறுநாள் பணம் கட்டினவங்க திரையில் வேற பேர் வருதுன்னு சொன்ன பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இதில் நஷ்டம் யாருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. வாடிக்கையாளர் நேர்மையாப் பணம் கட்டிட்டார். பச்சை டிக் வந்துடுச்சு. வங்கி சொன்ன முகவரிக்குச் சரியா அனுப்பிடுச்சு. செயலியும் தன் வேலையைச் செஞ்சுடுச்சு. எல்லாரும் சரி, ஆனா இட்லிக் கடைக்காரம்மாவுக்குக் காலை வியாபாரம் பூரா போச்சு. பதினஞ்சு ரூபா, இருபது ரூபான்னு பிரிஞ்சு போன பணம். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தேடிப் பிடிச்சு புகார் கொடுக்க அவங்களால ஆகுமா? 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாசத்தில் 2,000 கோடியைத் தாண்டின. இவ்வளவு பெரிய அமைப்பின் கடைசி முழம், ஒரு பசை தடவின காகிதத்தில் தொங்குது.

கையெழுத்து போட்டா சரியாயிடுமா?

கணினி தெரிஞ்ச நண்பர்கள் உடனே கேப்பாங்க: க்யூஆர் கோடுக்குள்ள டிஜிட்டல் கையெழுத்து வைக்கலாமே? வைக்கலாம், வெச்சும் இருக்காங்க. ஆதார் அட்டையில் இருக்கிற க்யூஆர் கோடு கையெழுத்திட்டது. கோவிட் தடுப்பூசிச் சான்றிதழில் இருந்ததும் அப்படித்தான். உள்ளே ஒரு எழுத்தை மாத்தினாலும் சோதிக்கிற செயலி பிடிச்சிடும்.

ஆனா சான்றிதழுக்கு உதவுற இந்த வைத்தியம் கடை ஸ்டிக்கருக்குப் பாதிதான் பலிக்கும். கையெழுத்து, "இந்தக் கோடை முறையாத்தான் உருவாக்கினாங்க" என்று மட்டும் சொல்லும். ஏமாத்துறவன் தன் பேர்லயே ஒரு கணக்கு திறந்து, முறையா ஒரு கோடு வாங்கி ஒட்டினா? கையெழுத்தும் சரியாத்தான் இருக்கும். இந்தக் கணக்கு இந்தக் கடையோடதுதான் என்ற தொடர்பு அந்தக் கட்டத்துக்குள்ள எங்கேயும் எழுதப்படலை. அது கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனுஷங்களுக்கு மட்டும் தெரிஞ்ச தகவல்.

அதனாலதான் அந்த ஏப்ரல் உத்தரவு எனக்கு முக்கியமாப் படுது. வங்கி ஆவணம் பார்த்துப் பதிவு செஞ்ச பெயரை அது திரைக்குக் கொண்டுவருது. அதுக்கு மேல செய்ய வேண்டியது நாம. இதில் ஒரு சிக்கலும் இருக்கு. சின்னக் கடைகளில் பலதும் வீட்டில் ஒருத்தர் பேர்லதான் கணக்கு வெச்சிருக்கும். பலகையில் சாமி பேர், திரையில் மகன் பேரோ மருமக பேரோ. பேர் பொருந்தலைன்னாலே மோசடின்னு சொல்லிட முடியாது. கேட்டுத்தான் ஆகணும். "அண்ணே, இந்தப் பேர் வருது, நம்மளதுதானா?" ஒரு வரி. அதுக்குப் பதில் சொல்ல ரெண்டு நொடி ஆகும்.

கடைக்காரங்க பக்கம் இதே வேலையைச் செய்யுறது அந்த ஒலிப்பெட்டி. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாச் சொல்லுதே, அது நம்ம போனைக் கேட்டுச் சொல்றதில்லை. அதுக்குள்ள தனியா சிம் இருக்கு, சர்வர்லேருந்து நேரடியாச் செய்தி வருது. அதனால போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி அதை ஏமாத்த முடியாது. ஸ்டிக்கர் மாறியிருந்தா பெட்டி வாயைத் திறக்காது. நாலு பேர் பணம் கட்டியும் பெட்டி பேசலைன்னா, நெட்வொர்க்கைத் திட்டுறதுக்கு முன்னாடி ஸ்டிக்கரை நகத்தால ஒருமுறை சுரண்டிப் பாக்கச் சொல்லுங்க.

கைவசம் வெச்சுக்க நாலு விஷயம்:

பணம் வாங்க யாரும் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் கேட்டா உங்க கணக்குலேருந்து பணம் போகப்போகுதுன்னு அர்த்தம்.

பின் போடறதுக்கு முன்னாடி பேரைப் படிங்க. தெரியாத பேர்னா வாய்விட்டுக் கேளுங்க.

கடை வெச்சிருக்கிற சொந்தக்காரங்க இருந்தா, தினமும் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க. கோலம் போடற மாதிரி அதுவும் ஒரு காலைப் பழக்கம் ஆகட்டும்.

பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்சா தாமதிக்காம 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க. அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்த வாய்ப்பு.

அடுத்த தடவை உங்க பக்கத்தில் யாராவது கல்லாவில் நின்னு பேரைச் சத்தமாப் படிச்சுக் கேட்டா, "ஏன் இவ்வளவு லேட் பண்றாரு"ன்னு சலிச்சுக்காதீங்க. அந்தக் கடைக்காரருக்காக இலவசமா ஒரு சோதனை செஞ்சிட்டிருக்கார் அவர்.